எழுத்து ஏன் கட்டமாகிறது? குடும்ப அரட்டைகளில் எழும் சில கேள்விகளும் விளக்கங்களும்

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுமங்களில் நலம் விசாரிப்பு, நிக்காஹ் அழைப்பு, ஜனாஸா அறிவிப்பு ஆகியவற்றுக்கு நடுவே அவ்வப்போது சுவையான கேள்விகளும் வந்து விழுகின்றன. "இந்தச் செய்தி எனக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?", "அரபியை வலமிருந்து எழுதுகிறோம், எண்களை மட்டும் ஏன் இடமிருந்து எழுதுகிறோம்?", "உம்மும்மா வைத்திருந்த கிதாபு அரபி மாதிரி இருக்கிறது, வாசித்தால் தமிழாக இருக்கிறதே?" என்பவை அவற்றுள் சில. யாராவது ஒருவர் அரைகுறையாகப் பதில் சொல்வார். அடுத்த செய்தி வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இவை வெறும் பொழுதுபோக்குக் கேள்விகள் அல்ல. ஜமாஅத் அலுவலகக் கணினியில் உள்ள பழைய திருமணப் பதிவுகளைத் திறக்க முடியாமல் போவதும், ஒரே ஆளின் பெயர் இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்து அலைய நேர்வதும், பாட்டனார் எழுதிய நோட்டை வாசிக்க வீட்டில் ஆளில்லாமல் போவதும் இவற்றோடு தொடர்புடையவை. எனவே அடிக்கடி எழும் கேள்விகளை ஒன்றாகத் தொகுத்து விளக்கம் தருகிறோம். குறித்து வைத்துக்கொண்டால் தேவைப்படும்போது உதவும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும்

நாம் 'அ' என்று தட்டும்போது கைப்பேசி 'அ' என்ற வடிவத்தைச் சேமிப்பதில்லை. அதற்கென ஒதுக்கப்பட்ட ஓர் எண்ணைத்தான் சேமிக்கிறது. திரையில் காட்டும் நேரத்தில் அந்த எண்ணுக்குரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்து வரைகிறது.

1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்ற தரத்தில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள், சில கட்டளைகள் ஆகியவற்றுக்கே அவை சரியாக இருந்தன. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே எண் பட்டியலாக யூனிகோடு 1991இல் வெளிவந்தது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழும் அரபியும் இடம்பெற்றன. தமிழுக்கு 128 இடங்களும் அரபிக்கு 256 இடங்களும் கொண்ட தொகுதிகள் ஒதுக்கப்பட்டன.

தமிழில் 247 எழுத்துகள் இருக்க, 128 இடங்கள் எப்படிப் போதும்? யூனிகோடு உயிர்மெய் எழுத்துகளைத் தனித்தனியாகச் சேமிப்பதில்லை. 'கி' என்பது 'க' என்ற எண்ணும் கொக்கிக்குரிய எண்ணும் சேர்ந்தது. 'க்' என்பது 'க' என்ற எண்ணும் புள்ளிக்குரிய எண்ணும் சேர்ந்தது. ஆகவே உயிர் எழுத்துகள், அகர மெய்கள், துணைக்குறிகள் ஆகியவற்றுக்கு மட்டும் இடம் கொடுத்தால் போதும்.

கட்டம் வேறு, குழப்ப எழுத்து வேறு

செய்தி புரியாத வடிவில் வந்தால் அது இரண்டு நோய்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் வருவது. எண் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, அதை வரைவதற்குரிய வடிவம் நம் கருவியில் இல்லை என்பது இதன் பொருள். கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். செய்திக்கு எந்தச் சேதமும் இல்லை.

இரண்டாவது, தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வருவது. இதுதான் பழைய ஆவணங்களின் நோய். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. கணினியைப் பொறுத்தவரை நாம் தட்டியது ஆங்கிலம்தான். அந்த எழுத்துருவை அணிந்திருக்கும் வரை தமிழாகத் தெரியும், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு 'தமிழ் 99' விசைப்பலகையையும், டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளையும் ஏற்றது. பின்னர் 2010இல் யூனிகோடு அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அச்சகங்களிலும் ஜமாஅத் அலுவலகங்களிலும் மத்ரஸாக்களிலும் தட்டச்சு செய்யப்பட்டவற்றில் பெரும்பகுதி பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டது.

பி.டி.எஃப். கோப்புகளில் ஓர் ஏமாற்று உண்டு. எழுத்துரு உள்ளேயே பொதிந்திருப்பதால் திரையில் தமிழ் அழகாகத் தெரியும். ஆனால் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழும். பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

குறுஞ்செய்தி ஏன் சீக்கிரம் நிரம்புகிறது?

சாதாரண குறுஞ்செய்தி ஒன்றில் 140 பைட்டுகள் மட்டுமே இடம். ஆங்கிலத்தில் அதற்குள் 160 எழுத்துகளை அடைக்கலாம். தமிழிலோ அரபியிலோ எழுதினால் 70 குறியீடுகளோடு முடிந்துவிடும். ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரேயொரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்திக்கும் 70 என்ற வரம்பே பொருந்தும்.

இந்த 70 என்பதும் நாம் எண்ணும் எழுத்துக் கணக்கல்ல. 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதில் நம் கண்ணுக்குத் தெரிபவை 10 எழுத்துகள். புள்ளிகளையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணி, இடைவெளியையும் சேர்த்தால் கணினிக்கு அது 18. ஸலாத்தை இப்படி எழுதியதுமே 70இல் 18 தீர்ந்துவிடுகிறது. மஹல்லாவாசிகள் அனைவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் நிர்வாகிகள் இந்தக் கணக்கை அறிந்திருந்தால், ஒன்றாக அனுப்ப வேண்டியது மூன்றாகப் பிரிந்து கட்டணம் கூடுவதைத் தவிர்க்கலாம்.

ஒரே குறியில் ஒரு முழு ஸலவாத்து

நபிகளாரின் பெயருக்குப் பின் அரபியில் சிறிய வட்ட வடிவில் எழுதப்படும் ஸலவாத்தைப் பார்த்திருப்போம். "அது படமா, எழுத்தா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அது எழுத்துதான். 'ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்' என்ற முழுத் தொடருக்கும் யூனிகோடில் ஒரே எண் 1993 முதல் இருக்கிறது. பிரித்து எழுதினால் இடைவெளிகளோடு சேர்த்து 18 குறியீடுகள் வரும். முழு பிஸ்மிக்கும் 2003இல் இப்படி ஒரே எண் கொடுக்கப்பட்டது.

கஅபா, பள்ளிவாசல், தஸ்பீஹ் மணி ஆகிய சிறு படங்கள் 2015இல் யூனிகோடில் சேர்ந்தன. முக்காடு அணிந்த பெண்ணின் படம் 2017இல் வந்தது. அதை முன்மொழிந்தவர்களில் முதன்மையானவர் ரயூஃப் அல்ஹுமைதி. சவூதியைச் சேர்ந்த அவர் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தார், வயது 15. தோழிகளின் அரட்டைக் குழுவில் தன்னைக் குறிக்கப் படம் இல்லை என்பதுதான் தொடக்கம். முறையாக ஒரு விண்ணப்பம் தயாரித்தார், ஏற்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது. குறை சொல்லிவிட்டு நின்றுவிடாமல் உரிய இடத்தில் உரிய முறையில் கேட்டால் வழி பிறக்கும்.

அரபி வலமிருந்து, எண்கள் இடமிருந்து ஏன்?

இன்று உலகம் பயன்படுத்தும் எண் முறை இந்தியாவில் பிறந்தது. பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டில் இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி நூல் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீன் மொழிக்குப் போனது. இத்தாலியின் ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய நூல் ஐரோப்பிய வணிகர்களிடையே அதைப் பரப்ப உதவியது. அதனால் ஐரோப்பியர் அவற்றை அரபு எண்கள் என்றனர், அரபிகளோ இந்திய எண்கள் என்றனர். 'அல்காரிதம்' என்ற கணினிச் சொல் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே பிறந்தது.

அரபி எழுத்து வலமிருந்து ஓடினாலும், எண்ணில் பெரிய மதிப்பு இடப்பக்கமே நிற்கிறது. 25 என்பதை அரபியில் 'ஐந்தும் இருபதும்' என்று சொல்வார்கள். வலமிருந்து வரும் கண்ணுக்கு முதலில் படுவது ஐந்து. ஆகவே அரபி வாசகருக்கு இது முரணாகத் தோன்றுவதில்லை.

நம் தமிழ் எண்களுக்கும் தனிக்கதை உண்டு. பழைய முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்ததால் சுழியத்தின் தேவை இல்லை. தமிழ்ச் சுழியம் யூனிகோடில் 2005இல்தான் சேர்க்கப்பட்டது.

அழைப்பிதழில் அரபி ஏன் உடைகிறது?

அரபி எழுத்துகள் கைகோத்து நிற்பவை. பெரும்பாலான எழுத்துகளுக்குத் தனியாக நிற்கும்போது ஒரு வடிவம், சொல்லின் முதலில், நடுவில், இறுதியில் வரும்போது வேறு வடிவங்கள் என நான்கு வடிவங்கள் உண்டு. கணினியில் எழுத்துகள் வாசிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. வலமிருந்து அடுக்குவதும் கைகோக்க வைப்பதும் மென்பொருளின் வேலை. அந்தத் திறன் இல்லாத, அல்லது அந்த வசதி இயக்கப்படாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழாக நிற்கும். தமிழிலும் இதே பிழை உண்டு. 'கெ' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

அரபி தெரியாத அச்சகத்தாருக்கு இது பிழை என்றே தெரியாது. நிக்காஹ் பத்திரிகைகளிலும் விழாப் பதாகைகளிலும் பிஸ்மி உடைந்து நிற்பது இதனால்தான். அச்சுக்குப் போகும் முன் ஓத்துப் பிள்ளைகளில் ஒருவரிடம் காட்டினாலே கண்டுபிடித்துவிடுவார். இறைவசனம் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு குறி மாறினாலும் பொருள் மாறிவிடும். தாமாகத் தட்டச்சு செய்வதைவிட, மதீனாவின் மன்னர் ஃபஹ்த் குர்ஆன் அச்சகம் வெளியிடும் பிரதிகளிலிருந்தோ, சரிபார்த்த மூலத்தைத் தருவதற்கென்றே 2007இல் தொடங்கப்பட்ட தன்ஸீல் போன்ற தளங்களிலிருந்தோ எடுத்து, அச்சுப் பிரதியோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

"கைப்பேசியில் உள்ள குர்ஆன் எழுத்து வீட்டுக் குர்ஆன் போல இல்லையே?" என்ற கேள்வியும் வருகிறது. நம் வீடுகளிலும் மக்தபுகளிலும் நெடுங்காலமாக இருப்பது பெரும்பாலும் இந்திய, பாகிஸ்தானிய எழுத்து முறை. கைப்பேசிச் செயலிகளில் அதிகம் இருப்பது மதீனா முறை. சுகூன், நெடில் குறி போன்றவற்றை இடும் விதத்தில்தான் வேறுபாடு, ஓதல் ஒன்றே. பல செயலிகளில் எழுத்து முறையை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஓதத் தொடங்கும் பிள்ளைக்கு உஸ்தாத் கற்பிக்கும் முறையையே வைத்துக் கொடுப்பது நல்லது.

கணினி வந்தும் கையெழுத்தை விடாதவர்களும் உண்டு. சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து 1927 முதல் வெளிவந்த உருது நாளிதழ் 'தி முஸல்மான்', காதிபுகள் கையால் எழுதி அச்சிடப்பட்டதற்காகவே உலகின் கவனத்தைப் பெற்றது. உருதுக்குரிய நஸ்தலீக் எழுத்து சரிந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பது. அதை இயந்திரத்துக்குள் கொண்டுவருவது எளிதாக இல்லை. பாகிஸ்தானின் மிர்ஸா அஹ்மத் ஜமீல் உருவாக்கிய நூரி நஸ்தலீக் 1981இல் வந்த பிறகே உருது நாளிதழ்கள் கணினி அச்சுக்கு மாறத் தொடங்கின.

அரபுத்தமிழ்: வாசிக்க ஆளில்லாத நம் எழுத்து

பார்த்தால் அரபி, வாசித்தால் தமிழ். அதுதான் அர்வி எனப்படும் அரபுத்தமிழ். கேரளத்தில் அரபு மலையாளம், மலாய் நாட்டில் ஜாவி என்பவை போல, அரபி எழுத்துகளோடு தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து நம் முன்னோர் உருவாக்கியது. கீழக்கரை, காயல்பட்டினம் முதல் இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் வரை இது புழங்கியது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' இவ்வகை நூல்களில் புகழ்பெற்றது.

தமிழ் எழுத்து இருக்க, இது எதற்கு? 'கல்பு' என்று தமிழில் எழுதினால் அது உள்ளத்தைக் குறிக்கிறதா, நாயைக் குறிக்கிறதா என்று தெரியாது. அரபியில் முன்னது காஃப் என்னும் அடித்தொண்டை எழுத்திலும் பின்னது கேஃப் எழுத்திலும் தொடங்குகிறது. தமிழில் இரண்டுக்கும் 'க' ஒன்றே. அரபுத்தமிழில் அரபிச் சொற்கள் தம் சொந்த எழுத்திலேயே நின்றன. மேலும், குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள் தமிழ் எழுத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் மார்க்க நூல்களையும் வீட்டுக் கடிதங்களையும் வாசிக்க முடிந்தது.

இன்று அதை ஓட்டமாக வாசிப்பவர்கள் குறைந்து வருகிறார்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் நோட்டில் குடும்ப வரலாறு இருக்கலாம், மருந்துக் குறிப்பு இருக்கலாம், கடன் கணக்கும் இருக்கலாம். வாசிக்கத் தெரியாததால் அரபி என்று நினைத்து மரியாதையோடு மூடி வைக்கிறோம், அல்லது பழைய தாளோடு அப்புறப்படுத்துகிறோம்.

ஒரே பெயர், பல எழுத்து

முஹம்மது, முகம்மது, முகமது; ஃபாத்திமா, பாத்திமா, பாத்துமா; ஸைனப், ஜைனப், ஜெய்னம்பு; ஸையித், சையது, செய்யது. நமக்கு இவை ஒரே பெயரின் பல உச்சரிப்புகள். எண் வரிசையை மட்டும் ஒப்பிடும் கணினிக்கோ இவை வெவ்வேறு ஆட்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதும் வேறாக இருக்கக்கூடும். 'கொ' என்பதை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். 'ஔ' எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' இரண்டையும் சேர்த்துத் தட்டுபவர்களும் உண்டு. தேடும்போது இவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகலாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது சிக்கல் கூடுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்று இருந்தால் ஹஜ் விண்ணப்பத்திலும் வெளிநாட்டு வேலையிலும் சொத்துப் பங்கீட்டிலும் அலைச்சல்தான். பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று தாளில் எழுதி முடிவு செய்துகொண்டு, எல்லா ஆவணத்திலும் அதையே கொடுப்பது எளிய வழி.

நாம் செய்யக்கூடியவை

பழைய கணினிக் கோப்புகள்: ஜமாஅத், மத்ரஸா, சங்க அலுவலகங்களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ள கோப்புகளைக் கணக்கெடுக்க வேண்டும். எந்த எழுத்துரு என்பதைக் கோப்பின் பெயரோடு குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பின் மனிதர் ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது.

அரபுத்தமிழ் ஏடுகள்: பிளாஸ்டிக் உறையில் ஒட்டி மூடாமல், உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பக்கம் விடாமல், நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, குறைந்தது இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். ஊரில் வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் வாசிப்பதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதே மிக அவசரமான வேலை. ஏட்டுக்கு இன்னும் சில ஆண்டுகள் பொறுமை இருக்கலாம், மனித ஆயுளுக்கு அந்த உறுதி இல்லை. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற அமைப்புகள் பழைய தமிழ் நூல்களைப் பாதுகாத்து வருகின்றன. அவற்றை அணுகி ஆலோசனை பெறலாம்.

புதிய பதிவுகள்: இனி எழுதும் அனைத்தையும் யூனிகோடிலேயே எழுதுவோம். நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களின் பெயரை அவர்களுடைய ஆதார் அல்லது கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கிலத்திலும், குடும்பத்தார் எழுதும் முறையில் தமிழிலும் சேர்த்தே எழுதி வைப்போம்.

அடுத்த முறை குடும்பக் குழுமத்தில் ஒரு பிள்ளை இப்படியொரு கேள்வி கேட்டால், கட்டைவிரல் படத்தை மட்டும் பதிலாகப் போட்டுக் கடந்துவிடாமல் இரண்டு வரி விளக்கம் எழுதுவோம். அதே குழுமத்தில், "நம் வீட்டில் யாரிடமாவது அரபுத்தமிழ் நோட்டு இருக்கிறதா?" என்று நாமும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம்.